மெக்கானிக்கல் எஞ்சினியரிங்: ‘இயக்கப் பொறியியல்’ என்று சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே,

‘இயந்திரப் பொறியியல்’ நன்றாகப் பழகிவிட்டதே, அதை ஏன் கலைக்க வேண்டும் என்று நேற்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். பழகியது உண்மைதான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு வருகிற பல மாணவர்கள், ஸ்பானர் பிடித்து இயந்திரம் பழுதுபார்க்கிற படிப்பு என்று நினைத்துக்கொண்டு வந்து, தகைவும் (ஸ்ட்ரெஸ், பொருளுக்குள் ஓர் அலகுப் பரப்பில் எழும் விசை) திரிபும் (ஸ்ட்ரெயின், அதனால் வரும் உருமாற்ற அளவு) வெப்ப இயக்கவியலும் (தெர்மோடைனமிக்ஸ்) எதிரே வந்து நின்றதும் திகைத்துப்போகிறார்கள். விசை கொடுத்தால் ஒரு பொருள் எப்படி நகரும், எப்போது வளையும், எப்போது உடையும், வெப்பத்தில் எவ்வளவை வேலையாக மாற்ற முடியும், இதெல்லாம்தான் இங்கே பாடம்.

பேரிங்கை (சுழலும் தண்டைத் தாங்குகிற எஃகு வளையம்) ஷாப்டில், அதாவது அந்தத் தண்டில், ஏற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங்கின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர், ஷாப்ட் அதைவிட ஓர் இம்மி பெரியது, கையால் தள்ளினால் ஏறாது. பேரிங்கை அறை வெப்பநிலையைவிட 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் உள்விட்டம் ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் விரியும். வழுக்கிக்கொண்டு ஏறிவிடும், ஆறியதும் கவ்விப் பிடிக்கும். பிடி கூடிப்போனால் உள்வளையம் விரிசல் விடலாம், குறைந்தால் ஷாப்ட் வளையத்துக்குள்ளேயே வழுக்கித் தேய்ந்துபோகும், அதனால் அந்த இம்மி எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் எங்கள் வேலை.

சரி, பெயருக்கு வருவோம். ‘பொறி’ என்ற சொல்லுக்கே பழைய தமிழில் இயந்திரம் என்ற பொருள் உண்டு, சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டையில் வரும் வளைவிற்பொறி (தானே வளைந்து அம்பு எய்யும் வில் இயந்திரம்) நினைவிருக்கும். அதன் முன்னால் இன்னொரு இயந்திரம் எதற்கு? அதற்குப் பதிலாக ‘விசைப் பொறியியல்’ என்று வைக்கலாமே என்றால், அந்தப் பெயர் எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் அசையாமல் நிற்கிற பாலத்துக்கும் விசைக் கணக்குதான், அப்புறம் வெப்பம் அந்தப் பெயருக்கு வெளியே நின்றுவிடுகிறது.

அதனால்தான் ‘இயக்கப் பொறியியல்’ என்கிறேன். வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல் (நீர், காற்று போலப் பாய்பவற்றின் இயக்கம்) என்று இதன் கிளைகள் ஏற்கெனவே அந்தச் சொல்லோடு புழங்குகின்றன, இயங்குவது இயக்குவது இரண்டும் அதில் அடங்கும். (இயந்திரமும் இயக்கத்தில் பிறந்த சொல்தானே என்று ஒருவர் எழுதியிருந்தார். இல்லை, அது வடமொழி யந்திரம், ஒலிதான் ஒத்துப்போகிறது.) கொதிகலன் எங்கே இயங்குகிறது என்று கேட்பீர்கள், அதில் பிறக்கிற நீராவி டர்பைனைச் சுழற்றத்தானே போகிறது.

‘இயக்கம்’ என்றதும் சமூக இயக்கம் நினைவுக்கு வருமே என்ற தயக்கம் எனக்கும் இருக்கிறது. ‘இயக்கப் பொறியாளர்’ என்று நாலு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.