ஹேபர்ஃபீல்டில் மாடி உண்டா, இல்லையா?

மரநிழல்: "சிட்னியில் வீடு வாங்குங்கள், ஹேபர்ஃபீல்டில் மட்டும் வேண்டாம், அது பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதி, அங்கே மாடியே எழுப்ப முடியாது" என்று ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். என் வீட்டுக் கூரைக்குள் இரண்டு அறைகள் இருக்கின்றன. முறையாக அனுமதி வாங்கிக் கட்டியவை.

கணக்கன்: அந்த மேதாவி நான்தான். கூரைக்குள் இருப்பது பரண், மாடி அல்ல.

மரநிழல்: பரணில் யாராவது கட்டில் போட்டுத் தூங்குவார்களா? படியேறிப் போனால் மாடிதான். நகராட்சி விதிப்படி கூரையின் வடிவம் மாறக்கூடாது. முன்பக்கமும் பக்கவாட்டிலும் கூரையில் சன்னல் கூடாது. பின்பக்கம் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? 1901இல் ரிச்சர்ட் ஸ்டான்டன் என்ற நில வணிகர் இங்கே மனை பிரித்தபோதே மனைக்கு ஒரு வீடு, செங்கல் அல்லது கல் சுவர், ஒற்றைத் தளம் என்று நிபந்தனை போட்டு விற்றார். வராந்தாவில் சதுரமும் முக்கோணமுமாக ஓடு பதித்த தரை, ஈயப்பட்டை கோத்த வண்ணக் கண்ணாடி எல்லாம் இன்றும் மிஞ்சியிருப்பது அந்தக் கட்டுப்பாட்டால்தான்.

கணக்கன்: "ஒற்றைத் தளம்." நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி.

மரநிழல்: தெருவிலிருந்து பார்த்தால் ஒற்றைத் தளம்! உள்ளே மாடி! எத்தனை முறை சொல்வது?

ராஜி: ராம்சே தெருக் கடைகளுக்கு மேலே மாடி இருக்கிறதே, அண்ணா?

கணக்கன்: அது கடைத்தெரு, தங்கச்சி. குழப்பாதீர்கள்.

தவில்: மாடியை விடுங்கள். தெருவோர மரங்களின் வேர் பழைய மண்குழாய்க்குள் இறங்கினால் கழிவுநீர் குளியலறைக்கே திரும்பி வரும். வாங்குமுன் குழாய்க்குள் கேமரா விட்டுப் பாருங்கள்.

மரநிழல்: மரம் பிடிக்காதவர்கள் அடுக்குமாடியில் குடியிருக்கட்டும். அங்கே நிறைய மாடி கிடைக்கும்.

கணக்கன்: பெரிய பாரம்பரியம்! எம்4 சுரங்கச் சாலைக்காக வாட்டில் தெருவில் வீடுகளை இடித்தார்களே, அப்போது எங்கே போனது? நாம் ஓடு மாற்றினால் மட்டும் மனுப் போட வேண்டும்.

மரநிழல்: அதற்கும் மாடிக்கும் என்ன தொடர்பு? பொங்கல் விழாக் கணக்கைக் கேட்டபோதும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள்.

கணக்கன்: கணக்கு அன்றே ஒப்படைத்தாகிவிட்டது. உங்கள் பரணில் தேடிப் பாருங்கள்.

மரநிழல்: மாடி!

ராஜி: சனிக்கிழமை அங்கே ஒரு வீடு ஏலத்துக்கு வருகிறது. போகலாமா, வேண்டாமா? யாராவது சொல்லுங்களேன்.

மரநிழல்: முதலில் கூரையின் உயரத்தை அளந்து வாருங்கள், தங்கச்சி. கணக்கன் ஐயா, வாழையிலைக்கு மட்டும் அவ்வளவு செலவு எப்படி வந்தது? அதற்கு இன்னும் பதில் வரவில்லை.