பொருள்: 'ஸ்க்ரூட்டினி' - கண்காணிப்பு வேண்டாமே!

சொல்லாக்கக் குழுமத்தாருக்கு வணக்கம்.

நாடாளுமன்ற 'ஸ்க்ரூட்டினி'க்கு (scrutiny, அரசின் செயல்களை நாடாளுமன்றம் துருவிக் கேட்பது) 'கண்காணிப்பு' போதும், அகராதியிலும் இருக்கிறது, இழையை முடித்துவிடலாம் என்று பேராசிரியர் ஐயா எழுதியிருந்தார். முடிக்க எனக்கு மனமில்லை. இலக்கணம் காரணமில்லை, குடியிருக்கும் ஊர்தான் காரணம்.

இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில், சொஸ்மா என்னும் பாதுகாப்புக் குற்றச் சட்டத்தைப் பற்றி ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. மலாய்க் குறிப்புகளைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. "போலீசின் அதிகாரம் நாடாளுமன்றக் கண்காணிப்புக்கு உட்பட வேண்டும்" என்று வாசித்தேன். காலமெல்லாம் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய பாட்டி ஒருவர் முன்வரிசையிலிருந்து, "அங்கேயும் கங்காணிதானா, தம்பி?" என்றார். மண்டபமே சிரித்தது.

பாட்டி கேட்டது சரிதான். பெரட்டில், அதாவது காலை அணிவகுப்பில், ஆள் எண்ணி, மர நிரையில் முதுகுக்குப் பின்னால் நின்று, தோட்டத் துரைக்காகத் தொழிலாளியைப் பார்த்தவர் கங்காணி. அவர் பார்வை எப்போதும் கீழ்நோக்கியது. நாடாளுமன்றம் செய்ய வேண்டியதோ நேர் எதிரானது: உள்துறை அமைச்சையும் போலீசையும் குடிநுழைவுத் துறையையும் நிறுத்தி வைத்துக் கேட்பது. போதாக்குறைக்கு, போலீசின் உளவுப் பிரிவான சிறப்புப் பிரிவு ஒருவரைப் பின்தொடர்ந்தாலும் நாளிதழ்கள் 'கண்காணிப்பு' என்றே எழுதுகின்றன. 'கண்காணிப்பின் மீதான கண்காணிப்பு' என்று எழுதி யாருக்குப் புரியவைப்பது?

இந்தச் சொல் தேவைப்படுவதில் இந்த ஊருக்கும் பங்கு உண்டு. 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டது இங்கேதான். அதையொட்டி அவசரகாலம் வந்தது. 1960இல் அது முடிந்த கையோடு, விசாரணையின்றிச் சிறைவைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசா பிறந்தது. மலேசிய இந்தியர் உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் தலைவர்கள் ஐவர் 2007 டிசம்பரில் அதே இசாவில்தான் உள்ளே போனார்கள். 2012இல் இசா போய் சொஸ்மா வந்தது.

சொஸ்மாவின் 4(5) பிரிவு, குற்றஞ்சாட்டாமலே ஒருவரை 28 நாள் வரை வைத்திருக்க விடுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரு அவைகளும் நீட்டிக்காவிட்டால் அந்தப் பிரிவு தானே செத்துவிடும். 2022 மார்ச் 23 அன்று மக்களவையில் ஆதரவு 84, எதிர்ப்பு 86, தீர்மானம் தோற்றது. ஜூலையில் மீண்டும் கொண்டுவந்து நிறைவேற்றிவிட்டார்கள். இந்த ஐந்தாண்டுச் சடங்குக்கு 'மீளாய்வு' பொருந்தும், மறுக்கவில்லை. இடையில் வருகிற நாள்களில், எத்தனை பேரைப் பிடித்தீர்கள், 28 நாளும் ஏன் தேவைப்பட்டது, குடும்பத்துக்கு எப்போது சொன்னீர்கள் என்று கேட்கிற வேலை இருக்கிறதே, அதற்குத்தான் நம்மிடம் சொல் இல்லை.

பிரிட்டனிலும் வாக்கெடுப்பும் கேள்வி கேட்பதும் வேறுவேறுதான். 2005 நவம்பரில் குற்றஞ்சாட்டாமல் 90 நாள் காவல் கேட்ட அரசு 322க்கு 291 என்று தோற்று, 28 நாளோடு அடங்கியது, அது வாக்கெடுப்பு. நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கொண்ட உள்துறைத் தேர்வுக் குழு 1979 முதல் அமைச்சர்களையும் அதிகாரிகளையும் வரவழைத்துக் கேட்டுவருகிறது. நான் சொல் தேடுவது இதற்கு.

இதுவரை வந்த சொற்களில் 'துருவாய்வு' பிடித்திருந்தது, துருவித் துருவிக் கேட்பது நம் வழக்கமாயிற்றே. ஆனால் வடதுருவ ஆராய்ச்சி என்று என் மகளே நினைத்துவிட்டாள். 'கூராய்வு' பிரேதப் பரிசோதனையை நினைவூட்டுகிறது (சில மசோதாக்களுக்குப் பொருத்தம்தான்). 'மேற்பார்வை' மறுபடியும் துரை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது.

நான் முன்வைப்பது 'வினவாய்வு'. வினவி ஆய்வது. 'சிவப்பு அடையாள அட்டைக்காரர்களின் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின்) குடியுரிமை விண்ணப்பங்கள் தேங்குவதைக் குழு வினவாய்வு செய்தது.' 'வினவாய்வுக்கு உட்படாத அதிகாரம்.' வாய்க்குத் தடையில்லை.

---

மறுமொழி:

ஐயா, வணக்கம். படிவம் நீட்டிக் கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளும் ஆய்வு என்றே என் மாணவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். அதைவிடப் பெரிய குறை ஒன்று: வினவினால் மட்டும் போதுமா? அமைச்சர் எழுந்து போய்விட்டால்? பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது?

---

மறுமொழி:

ஆசிரியை அம்மா, இல்லைதான். அந்தக் கட்டாயத்தை அவையின் விதிகளில் எழுத வேண்டும். சொல்லுக்குள் அதையும் திணித்தால் ஏழெட்டு எழுத்து கூடிவிடும். படிவக் குழப்பத்துக்கு 'நாடாளுமன்ற வினவாய்வு' என்று முழுமையாக எழுதினால் போதும் என்று நினைக்கிறேன். வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள், விட்டுக்கொடுக்கத் தயார்.

பாட்டியிடமும் சொல்லிப் பார்த்தேன். "கேள்வி கேட்பது என்று சொல்லிவிட்டுப் போயேன்" என்றார். சொஸ்மா பற்றிய எங்கள் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் பாட்டி சொன்னபடியே போட்டுவிட்டேன். வினவாய்வு, இப்போதைக்கு, நம் பட்டியலில் மட்டும் இருக்கட்டும்.