பாக்க நல்லா இருக்கோம்னு பெருமைப்பட்டா தப்பா? அக்கா சொன்ன ஒரு வார்த்தை மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு

லோக்கல்டிக்கெட்

எனக்கு 28 வயசு, பொறந்து வளர்ந்தது எல்லாம் மும்பை சயான் கோலிவாடா, ஊர் திருநெல்வேலி பக்கம். நேரா விஷயத்துக்கு வரேன், நான் பாக்க நல்லா இருப்பேன். இத நானே சொல்றது அசிங்கமா இருக்குன்னு தெரியும் ஆனா அத சொல்லாம இந்த கேள்விய கேக்க முடியாது. நல்ல உயரம், அம்மா கலர், கோயில் கொடைக்கு ஊருக்கு போனா பெரியம்மாமாரெல்லாம் கன்னத்த வழிச்சு நெட்டி முறிப்பாங்க, வீட்டுக்கு வந்ததும் அம்மா உப்பு மிளகா எடுத்து சுத்திப் போட்டு அடுப்புல போடும். எனக்கு இதெல்லாம் பிடிக்கும், பொய் சொல்ல வேணாம், டன்னல் வந்தா ட்ரெயின் கண்ணாடில நம்ம மூஞ்சி தெரியும்ல, அப்ப எல்லாரும் போன பாப்பாங்க, நான் என்னத்தான் பாப்பேன்.

போன ஞாயித்துக்கெழம மாட்டுங்கால ஒரு கல்யாணம். போட்டோ எடுக்குறவர் என்ன மட்டும் தனியா நிக்க வெச்சு நாலு எடுத்தார். ராத்திரி அத ஃபேமிலி குரூப்ல போட்டுட்டு "எப்படி நம்ம கெத்து"ன்னு வீட்டுக்குள்ளயே சத்தமா கேட்டேன். எங்கக்கா என்ன விட மூணு வயசு பெரியவ, அப்பா கலர். பாத்திரம் தேச்சிட்டு இருந்தவ திரும்பிக்கூட பாக்கல, "லாட்டரி விழுந்தவன் காச செலவு பண்ணிட்டு போலாம்டா, மெடல் வேற எதுக்கு கேக்க?"

சிரிச்சிட்டு போயிட்டேன் ஆனா அன்னிக்கு தூக்கம் வரல. எங்க வீட்டு பீரோ கண்ணாடிக்கு கீழ வெள்ளையாக்குற க்ரீம் ட்யூப் ஒண்ணு எப்பவும் இருக்கும். அது அவளுக்கு வாங்குறது. எனக்கு யாரும் வாங்கினதே இல்ல. இத்தன வருசமா அத தள்ளி வெச்சுட்டுதான் சீப்ப எடுத்திருக்கேன்.

ஆனாலும் எனக்கு ஒரு நியாயம் புரியல. கணக்குல நூறு வாங்குனவன் பெருமைப்பட்டா தட்டிக்குடுக்குறோம், அந்த மூளையும் பாதி பொறப்புலயே வந்ததுதானே? பாடுறவளுக்கு குரலும் அப்படித்தானே? அப்ப மூஞ்சிக்கு மட்டும் ஏன் கூடாது? நான் யாரையும் கிண்டல் பண்ணதும் இல்ல. திட்டணும்னாலும் திட்டுங்க, ஆனா காரணம் சொல்லி திட்டுங்க.

---

முலுண்ட்_வாத்தியார்

தம்பி, உங்கக்கா லாட்டரின்னு சொன்னது ஒப்புமைக்கு சொன்ன மாதிரி தெரியலாம், நெசமாவே அது லாட்டரிதான். பயாலஜி எடுக்குறவன் அதனால ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோங்க. 2005ல ஜீப்ரா மீன்னு ஒரு சின்ன மீன வெச்சு ஆராய்ச்சி பண்ணவங்க, அதுல சில மீனுக்கு மட்டும் கோடு ஏன் வெளுத்து இருக்குன்னு தேடப்போய் எஸ்எல்சி24ஏ5ன்னு ஒரு ஜீன, அதாவது மரபணுவ கண்டுபிடிச்சாங்க, அதே ஜீன் மனுசனுக்கும் இருக்கு, அதுல ஒரே ஒரு எழுத்து மாறுனா தோல் கலர் கொஞ்சம் வெளுக்குது. தோல் கலர முடிவு பண்றது இது ஒண்ணு மட்டும் இல்ல, பல ஜீன் சேர்ந்துதான், ஆனா நம்ம ஊர்ப் பக்கம் எழுத்து மாறுன ரகம், மாறாத ரகம் ரெண்டும் கலந்து கெடக்கு. மாறுன காப்பி அப்பாகிட்ட ஒண்ணு அம்மாகிட்ட ஒண்ணு இருந்தா ஒரு புள்ளைக்கு ரெண்டும் போகலாம், இன்னொரு புள்ளைக்கு ஒண்ணுகூட போகாமயும் இருக்கலாம். ஒரே வீடு, ஒரே சோறு.

மூளை பத்தி நீங்க சொன்ன வாதம் பாதிதான் நிக்கும். நூறு வாங்குனவன் ராத்திரி முழிச்சு போட்டுப் பாத்த கணக்கு இருக்குல்ல, அத கழிச்சுட்டு நீங்க கேக்குறீங்க. பாட்டுக்காரியும் விடியக்காலைல எந்திரிச்சு சாதகம் பண்ணாத்தான் குரல் நிக்கும். நீங்க கண்ணாடி பாத்தத தவிர வேற என்ன பண்ணீங்க?

---

புரதம்_பாண்டி

வாத்தியாரே நான் பண்ணிருக்கேன் 😄 அஞ்சு வருசமா தாராவில ஒரு சின்ன ஜிம், ஃபேன் ஒண்ணு ஓடும் ஒண்ணு ஓடாது, காலைல அஞ்சரைக்கு போயிடுவேன், தெனம் ஆறு முட்ட வெள்ளக்கரு, கல்யாண வீட்ல எல்லாரும் பிரியாணி திங்கும்போது நான் டப்பா தொறந்து சிக்கன் திம்பேன், சொந்தக்காரங்க சிரிப்பாங்க. அப்ப எனக்கு பெருமைப்பட உரிமை இருக்குல்ல? இருக்குன்னுதான் நானும் நினைச்சேன். ஆனா எங்கூடவே சேர்ந்த ஒருத்தன் எனக்கு பாதி கூட தூக்க மாட்டான், அவனுக்கு தோள் பம்முன்னு வந்துருச்சு, எனக்கு கெண்டக்கால் இன்னிக்கு வரைக்கும் மூங்கில் குச்சிதான். அங்கயும் லாட்டரி உள்ள பூந்துருது.

அப்புறம் போன மழைக்காலம் டெங்கு வந்து படுத்தேன். மூணு வாரத்துல ஒம்போது கிலோ போச்சு. டி ஷர்ட் ஹேங்கர்ல தொங்குற மாதிரி தொங்குச்சு, வெளிய வரவே கூச்சமா இருந்துச்சு, டீக்கடை வழியா போகாம சுத்திப் போவேன். பாக்குற எல்லாரும் "என்னாச்சு ப்ரோ"ன்னு கேட்டாங்க, சாவுல இருந்து தப்பிச்சதுக்கு சந்தோசப்படாம பைசெப்ஸ் போச்சேன்னு அழுதேன், அப்பதான் எனக்கே என் மேல பயம் வந்துச்சு. இப்ப திரும்ப போறேன். அஞ்சரைக்கு எந்திரிக்கிறேன்ல, அதுக்கு மட்டும் கொஞ்சமா கெத்து காட்டிக்குவேன், அது டெங்கு வந்தாலும் போகாது.

---

தொண்ணூறடி_ரோடு_கருப்பி

என் பேர் இதுதான், நானே வெச்சுக்கிட்டது, ஸ்கூல்ல மத்தவங்க கூப்பிட்டத நான் வாங்கிக்கிட்டேன்.

எல்லாரும் பெருமை தப்பு, பெருமை லாட்டரின்னு பேசுறீங்க, நல்லாதான் இருக்கு, ஆனா அத யார்கிட்ட சொல்றோம்னு ஒண்ணு இருக்கு. 1975ல கடைக்கு வந்த ஒரு க்ரீம், அப்புறம் டிவில வந்து கருப்பா இருந்தா வேலை கெடைக்காது மாப்ள கெடைக்காதுன்னு சொல்லிட்டே இருந்துச்சு, 2020லதான் பேர்ல இருந்த ஃபேர்ங்குற வார்த்தைய எடுத்தாங்க, உள்ள இருக்குற ட்யூப் அங்கயேதான் இருக்கு. அதே வருசம்தான் ஒரு பெரிய கல்யாண வெப்சைட்ல தோல் கலர் வெச்சு வடிகட்டுற பட்டன ஆன்லைன்ல கையெழுத்து சேத்து எடுக்க வெச்சாங்க. அதுவரைக்கும் நாங்க வடிகட்டில நின்ன டீத்தூள்.

எனக்கு மஞ்சள் கலர் சேராதுன்னு சின்ன வயசுலயே முடிவு பண்ணிட்டாங்க. தீபாவளிக்கு தங்கச்சிக்கு மஞ்சள் பாவாடை, எனக்கு எப்பவும் "உன் நெறத்துக்கு எடுப்பா இருக்கும்"னு ஒரு வெளிறுன ரோஸ். 33 வயசுல எனக்கே சம்பாதிச்ச காசுல கடுகு மஞ்சள்ல ஒரு காட்டன் சேலை வாங்கி, அரக்கு ப்ளவுஸ் போட்டு, தாதர்ல இறங்கி பூ மார்க்கெட்ல ரெண்டு முழம் மல்லி வாங்கி வெச்சுட்டு ஆபீஸ் போனேன். ட்ரெயின் லேடீஸ் பெட்டில க்ளிப் விக்கிற அக்கா "ஆஜ் ஹீரோயின்"னு, இன்னிக்கு நீ ஹீரோயின்னு சொன்னுச்சு. அன்னிக்கு எனக்கு வந்தது பெருமைதான், வேற பேர் வெக்க மாட்டேன். நான் சம்பாதிச்சது கலர் இல்ல, அந்த மஞ்சள். லோக்கல்டிக்கெட் தம்பிக்கு கெடைச்ச பெருமை சும்மா கெடைச்சது, என்னோடது முப்பது வருசம் எடுத்துச்சு, ரெண்டையும் ஒரே தராசுல போடாதீங்க.

தம்பி நீ அந்த ட்யூப தள்ளி வெச்சுட்டு சீப்பு எடுத்தேன்னு எழுதுனியே, அந்த வரி எழுதத் தெரிஞ்சிருக்கு உனக்கு. அதனால திட்டல.

---

ஆளெடுப்பு_அண்ணாச்சி

கம்பெனில ஆள் எடுக்குற வேலைல பதினாலு வருசம் இருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன். தம்பி மெடல் கேக்கலன்னாலும் மாசாமாசம் அது அவர் அக்கவுண்ட்ல விழுந்துட்டுதான் இருக்கும். 1920லயே தார்ன்டைக்னு ஒரு சைக்காலஜிக்காரர் ராணுவ ஆபீசருங்க தங்களுக்கு கீழ இருக்குறவங்களுக்கு போட்ட மார்க்க எடுத்து பாத்திருக்காரு, ஒடம்பு கட்டா இருக்குறவனுக்கு புத்தி, தலைமை, குணம் எல்லாத்துலயும் சேத்து மார்க் போட்டு வெச்சிருந்தாங்க. 1994ல ஹாமர்மெஷ், பிடில்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க அமெரிக்கா கனடா கணக்குல பாத்தா, சுமாரா இருக்குறவங்களுக்கு நடுத்தரமா இருக்குறவங்கள விட 5ல இருந்து 10 சதவீதம் சம்பளம் கம்மி, ஆம்பளைக்கும் அதே கதைதான்.

நானே பண்ணிருக்கேன். இன்டர்வியூல நல்லா நிமிந்து சிரிச்ச ஒரு பையன எடுத்தேன், எக்ஸெல்ல ஒரு ஷீட்ட தாண்டத் தெரியல. அன்னிக்கு ஒதுக்குன இன்னொரு பையன் முகம் கூட இப்ப ஞாபகம் வரல எனக்கு. அதனால யாரையும் கிண்டல் பண்ணலன்னு சொல்றது மட்டும் பத்தாது தம்பி, உங்களுக்கு வரிசைல எடம் கெடைச்சப்ப பின்னாடி யாரோ ஒருத்தர் ஒரு அடி தள்ளிப் போயிருக்காங்க. அதுக்கு நீங்க பொறுப்பு இல்ல, ஆனா தெரியாத மாதிரி நடிக்க முடியாது.

---

மாட்டுங்கா_மாமி

அடேயப்பா எவ்ளோ பெரிய பேச்சு. டேய் கொழந்தே, நான் எழுபத்திரெண்டு. ஒரு காலத்துல நானும் மூக்கும் முழியுமா இருந்தவதான், இப்ப அந்த மூக்குல கண்ணாடி நிக்க மாட்டேங்கறது. நன்னா குளிச்சு, தலைவாரி, மடிப்பு கலையாம கட்டிண்டு வாசல்ல போய் நின்னா அது எதிர்ல வரவாளுக்கு பண்ற மரியாதை. அதுக்கு பெருமைப்பட்டுக்கோ. மத்தது அம்மா அப்பாவோட சொத்து, சொத்த காட்டிண்டு திரிஞ்சா அக்காகாரிக்கு பாகம் ஞாபகம் வரத்தான் செய்யும்.

---

லோக்கல்டிக்கெட்

எல்லாருக்கும் தேங்க்ஸ். வாத்தியார் கேட்ட "வேற என்ன பண்ணீங்க"க்கு ரெண்டு நாளா பதில் தேடுறேன், ஷேவிங் தவிர எதுவும் சிக்கல. அண்ணாச்சி சொன்னதுதான் ரொம்ப உறுத்துது, போன வருசம் எனக்கு க்ளையன்ட் மீட்டிங் குடுத்தப்ப கூட இருந்த ஒருத்தனுக்கு ஏன் குடுக்கலன்னு நான் யோசிச்சதே இல்ல. சந்தோசப்படுறத விட முடியாது, கண்ணாடி வந்தா பாக்கத்தான் செய்வேன், ஆனா அத குரூப்ல போட்டு கெத்துன்னு கேக்க இனிமே வாய் வராது.

அக்காகிட்ட போன குடுத்து இந்த த்ரெட்ட படிக்க சொன்னேன். ட்யூப் பத்தி எழுதுன எடத்துல நின்னா, ஒண்ணும் சொல்லல. கடைசி வரைக்கும் படிச்சிட்டு போன திருப்பிக் குடுத்து, "அந்த கருப்பிகிட்ட கேளு, கடுகு மஞ்சள் எங்க வாங்குனாங்கன்னு".

---

தொண்ணூறடி_ரோடு_கருப்பி

ஹிந்த்மாதா மார்க்கெட், தாதர் கிழக்கு. மெயின் ரோட்ல இருக்குற பெரிய கடைக்கு போகவேணாம், உள்ள சந்துல போகச் சொல்லு, ஆயிரம்னு ஆரம்பிப்பான், அறுநூறுல நில்லு. கடைல ட்யூப்லைட்ல பாக்காம வெளிய வெயில்ல கொண்டு வந்து தோள்ல போட்டு பாக்கச் சொல்லு. ப்ளவுஸ் டெய்லர் பேர் மட்டும் இங்க போட மாட்டேன், கூட்டம் வந்துரும், அக்காவுக்கு தனியா மெசேஜ் பண்றேன்.