சோர்ஸ் விசைக்குத் தமிழ்: ‘வரத்து’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

முதியோருக்கான எளிய தொலைக்காட்சித் திரைப்பட்டியலுக்கு (மெனு) நாம் தொகுத்துவரும் சொற்களில் சோர்ஸ், இன்புட் இரண்டும் இன்னும் இழுபறியாகவே கிடக்கின்றன. டிவிக்குப் படம் எந்தத் துளை வழியாக வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ரிமோட் விசைக்குத்தான் இந்தப் பெயர்கள். இதுவரை வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். என் பரிந்துரை ‘வரத்து’. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் தடுமாறி நிற்கும் இடம் பெரும்பாலும் இந்த ஒரு விசைதான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவுக்குக் கேபிள் பார்க்கிற தம்பியுடன் சில வீடுகளுக்குப் போய்வந்தேன். “தம்பி, டிவி நீலமா நிக்குது, லைன் கட்டாச்சா?” என்று போன் வரும். போய்ப் பார்த்தால் லைன் நன்றாகத்தான் இருக்கும். செட்டாப் பாக்ஸில் சேனல் எண் எரிந்துகொண்டிருக்கும். டிவி மட்டும் பாக்ஸின் ஒயர் செருகியிருக்கும் ‘எச்டிஎம்ஐ 1’ துளையிலிருந்து, ஒன்றும் செருகாத ‘ஏவி’ துளைக்குத் தாவியிருக்கும். ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை போட்டு ரப்பர் பேண்ட் சுற்றியிருப்பார்கள். உறை மங்கி, அடியில் இருக்கும் எழுத்தே தெரியாது. சோர்ஸ் விசையோ பவர் விசைக்கு ஒட்டினாற்போல இருக்கும். “ஆயா, ரிமோட்ல இன்னா அமுக்குன?” என்று கேட்டால், “நான் ஒண்ணும் அமுக்கலபா, அதுவா போச்சு” என்பார். அவர் மறைக்கவில்லை. கட்டைவிரல் பட்டதே அவருக்குத் தெரியாது. அமுக்கியதும் திரையோரம் ஒரு பட்டியல் வரும், சில நொடியில் மறைந்துவிடும். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் நீலத்திரைதான் மிச்சம்.

இனி மடல்களுக்கு வருகிறேன்.

> சோர்ஸ் என்றால் மூலம். அச்சிலும் ஆவணங்களிலும் புழங்குகிற சொல். புதிதாக எதற்கு?

மூலநூல், மூல ஆவணம் எல்லாம் சரி. ஆனால் எழுபது வயதுக்காரர் காதில் ‘மூலம்’ தனியாக விழுந்தால் முதலில் நோய்தான் நினைவுக்கு வரும், அடுத்து நட்சத்திரம். சுவர் விளம்பரத்தில் தினமும் பார்க்கிற சொல்லைத் தொலைக்காட்சித் திரையில் ‘மூலத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று போட்டால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? தவிர, இத்தனை நீளத் தொடர் திரைப்பட்டியலின் குறுகிய கட்டத்தில் அடங்காது. ‘மூலத்தைத் தேர்…’ என்று பாதியில் வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடும்.

> கணினித் துறையில் இன்புட் என்பதற்கு உள்ளீடு நிலைபெற்றுவிட்டது. அதையே வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

உள்ளீடு நல்ல சொல். விசைப்பலகையில் தட்டுவதற்கும் படிவத்தில் நிரப்புவதற்கும் அது கச்சிதம். அதற்குள் ‘இடு’ இருக்கிறது. இடுகிறவர் ஒருவரும் இருக்கிறார். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பவர் எதையும் இடுவதில்லை. ‘உள்ளீடு’ என்று திரையில் வந்தால், தான் எதையோ போட வேண்டும்போல என்று மலைப்பார். இங்கே படம் தானாக வந்து சேர்கிறது. எந்த வழியாக வருகிறது என்பது மட்டுமே கேள்வி.

இந்த வழி என்பதே பின்னால் வந்து சேர்ந்த விஷயம். முன்பு கேபிள் ஒயர் நேராக டிவியின் ஆன்டெனா துளைக்குள் போகும். ஒரு பெட்டி, ஒரு ரிமோட், மாற்ற வேண்டியது சேனல் மட்டும். 2003 செப்டம்பர் 1 அன்று கட்டணச் சேனல்களுக்குச் செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்ற முறை சென்னையில் நடைமுறைக்கு வந்தது. பிறகு அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி பல வீடுகளுக்கு வந்தது. 2011 சட்டத் திருத்தத்துக்குப் பின் பெருநகரங்களில் டிஜிட்டல் பெட்டி கட்டாயமானது. அன்றிலிருந்து வீட்டில் இரண்டு கருவி, இரண்டு ரிமோட், நடுவில் ஒரு ஒயர். அந்த ஒயர் வந்து சேரும் இடத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

> வரத்து என்றால் வருமானம், சரக்கு வருகை என்றல்லவா பொருள்? தொழில்நுட்பச் சொல்லாக ஒட்டவில்லை.

வருமானத்துக்கு நாம் அதிகம் சொல்வது வரவு அல்லது வரும்படி. வரத்து என்பது ஓரிடத்துக்கு ஒன்று வந்துகொண்டே இருப்பது. காசிமேடு மீன் துறைமுகத்தில் விடிகாலை போய் நின்றால் “இன்னிக்கு வரத்து கம்மி, வெல ஏறும்” என்பது சாதாரணப் பேச்சு. மழைக்காலத்தில் புழல் ஏரிக்கு நீர்வரத்து எவ்வளவு என்று செய்தியில் சொல்கிறார்கள். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். ஆக, எங்கிருந்தோ கிளம்பி ஒரு வழியாக வந்து சேர்வது என்ற பொருள் ஏற்கெனவே சொல்லுக்குள் இருக்கிறது. வடசென்னையில் ஓர் ஆயாவுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது போக்குவரத்து. இந்தச் சொல்லைத் தினமும் சொல்கிறோம், அதற்குள் ஒரு இணை கிடக்கிறது. வரத்து இன்புட் என்றால் போக்கு அவுட்புட். செட்டாப் பாக்ஸின் முதுகில் இருக்கும் எச்டிஎம்ஐ துளை போக்கு, டிவியின் முதுகில் இருப்பது வரத்து. ஏவியின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களுக்கும் இதே கணக்கு. டிவிடி பிளேயர் ஒயரைப் பெட்டியின் போக்குத் துளையிலேயே செருகிவிட்டு விழிப்பவர்கள் உண்டு. ‘போக்கிலிருந்து வரத்துக்கு’ என்று ஒரு வரி எழுதி ஒட்டினால் வெளியூரில் இருக்கும் மகன் போனிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம். உள்ளீடும் வெளியீடும் இணைதான், மறுக்கவில்லை. ஆனால் வெளியீடு என்றதும் புத்தக வெளியீடு முந்திக்கொள்கிறது.

> சொல்லை மாற்றிவிட்டால் பெரியவர்களுக்கு எளிதாகிவிடுமா? கோளாறு வடிவமைப்பில் இருக்கிறது.

இதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் சொல்லோடு மூன்று யோசனைகளையும் சேர்த்து அனுப்பலாம் என்கிறேன்.

பழைய டேப் ரெக்கார்டர் நினைவிருக்கிறதா? பல கருவிகளில் சிவப்பு விசையை மட்டும் அமுக்கினால் பதிவாகாது, பிளேயையும் சேர்த்து அமுக்க வேண்டும். பதிந்ததை அழிக்காமலிருக்கக் கேசட்டின் விளிம்பிலுள்ள சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுவோம். பர்மா பஜாரில் டெக் வாங்கிய தலைமுறைக்கு இது அத்துப்படி. கைதவறி நடந்தால் இழப்பு என்கிற செயலுக்கு இரண்டு விரல் கேட்டார்கள். இன்று டிவியையே காணாமல் போக்குகிற விசைக்கு ஒரு தொடுகை போதும் என்று வைத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வரத்து விசையை இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடித்தால்தான் மாற வேண்டும்.

அடுத்தது, வரத்து இல்லாத வழிக்குப் போய்விட்டால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கடைசியாகப் படம் வந்த வழிக்கு டிவியே திரும்ப வேண்டும். எச்டிஎம்ஐ-யில் இதற்குப் பாதி வழி இருக்கிறது. சிஇசி என்ற வசதி இரு கருவியிலும் இருந்து, இரண்டிலும் இயக்கியும் வைத்திருந்தால், பெட்டியைப் போட்டதும் டிவி அதன் வழிக்கு வந்துவிடும். ஆனால் சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. எந்தப் பெயரில் தேடுவது? இதற்கு ‘கூட்டியக்கம்’ என்று ஒரே சொல்லை முன்மொழிகிறேன்.

மூன்றாவது, பெயர். எச்டிஎம்ஐ ஒன்று, இரண்டு என்பது துளையின் பெயர். பல டிவிகளில் அதை மாற்றி எழுத முடியும். ‘கேபிள்’, ‘பென் டிரைவ்’ என்று வீட்டாரே எழுதிவைக்கட்டும். திரைப்பட்டியலில் அதற்கான இடத்துக்கு ‘வரத்தின் பெயர்’ போதும்.

புது டிவி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பல செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகளில் டிவி ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் சில விசைகள் உண்டு: பவர், ஒலி கூட்ட, குறைக்க, ஏவி (சோர்ஸ் விசைக்கு அங்கே இந்தப் பெயர்). ரிமோட் இரண்டையும் நேருக்கு நேர் வைத்து முதல் மூன்றை மட்டும் கற்றுக்கொடுங்கள். ஏவியை வெறுமையாக விட்டுவிடுங்கள். டிவி ரிமோட்டைப் பீரோவில் வைத்துவிடலாம். ரிமோட்டில் உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் செல்போன் கேமரா முன் பிடித்து அமுக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அநேகமாகத் திரையில் மினுக்கும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கத்தில் பாருங்கள்.

பதிவு பற்றி ஒரு வார்த்தை. பதிந்த நிகழ்ச்சிகளின் பட்டியலுக்கு ‘பிடித்தவை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். “பாட்டு புடிச்சு வெச்சிருக்கேன்” என்று பேச்சில் உண்டுதான். ஆனால் விருப்பச் சேனல்களுக்கும் ‘பிடித்தவை’ புழங்குவதால் இரண்டும் மோதும். ‘பதிந்தவை’ இருக்கட்டும்.

திரையில் வரவேண்டிய வரிகளை இப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன்:

வரத்து
வரத்து மாற்று
வரத்தின் பெயர்
இந்த வழியில் வரத்து இல்லை. கேபிளுக்குத் திரும்ப ‘சரி’ அமுக்கவும்.

‘வரத்தில்லை’ என்று புணர்த்தி எழுத வேண்டும் என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லக்கூடும். எட்டடி தள்ளிக் கட்டிலில் இருந்து படிப்பவருக்காகப் பிரித்தே வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வரத்து மாற்றா, வரத்து மாற்றமா என்பதில் மட்டும் எனக்கு ஐயம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டையும் வாய்விட்டுப் படித்துக் காட்டி, எதைக் கேட்டதும் கை ரிமோட்டுக்குப் போகிறது என்று எழுதுங்கள். மறுப்பு இருந்தால் இந்த ஞாயிறுக்குள் வந்துவிட்டால் நல்லது, திங்களன்று பட்டியலை மொழிபெயர்ப்பாளர்களுக்கு அனுப்பியாக வேண்டும்.

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து