பெரிய ஐந்து அச்சு மில்-டர்ன்: கொட்டேஷனில் எதைத் தோண்டிப் பார்க்கணும்?

ஜாப்வொர்க்_கோவை:
வணக்கம். எங்கள் ஷாப்பில் ஓடும் பெரிய ஜாப் இது: இஎன்24 (அலாய் ஸ்டீல்) ஃபோர்ஜிங், ஃபிளாஞ்ச் விட்டம் 600, ஷாஃப்ட் விட்டம் 320, நீளம் 1800 மி.மீ., எடை சுமார் 1.3 டன். ஃபிளாஞ்சில் 15 டிகிரி சாய்வில் 12 துளைகள், ஷாஃப்டில் எதிரெதிராக இரண்டு கீவே (சாவிப் பள்ளம்), ஒரு முனையில் 120 விட்டத்தில் 450 ஆழத்துக்கு போர். லேத், போரிங் மெஷின், மறுபடி லேத் என்று நாலு செட்டிங் ஆகிறது. போருக்கும் பேரிங் சீட்டுக்கும் ரன்அவுட் (சுற்றும்போது மையம் விலகி ஆடுவது) 0.02 மி.மீ.க்குள் வேணும். ஒவ்வொரு செட்டிங்கிலும் அதுதான் கெடுகிறது.

அதனால் டர்னிங், மில்லிங் இரண்டையும் ஒரே மெஷினில் செய்யும் மில்-டர்ன் வாங்கப் பார்க்கிறோம். கையில் இரண்டு கொட்டேஷன். முதலாவது 37 கிலோவாட், ஜாப்பைச் சுற்றுவது பில்ட்-இன் மோட்டார் ஸ்பிண்டில், டூலிங் (டூல் ஹோல்டர் வகை) கேப்டோ சி6. இரண்டாவது 45 கிலோவாட், இரண்டு ஸ்டெப் கியர்பாக்ஸ், ஹெச்எஸ்கே 100. இரண்டாவது விலை நன்றாகவே கூட. அந்த வித்தியாசத்துக்கு அது தகுமா? ட்ரையலில் எதைப் பார்க்கணும்?

கியர்பாக்ஸ்_கட்சி:
கிலோவாட்டை விடுங்க, ஆர்பிஎம்-டார்க் கிராஃபை வாங்குங்க. உங்க ஜாப்பையே எடுத்துக்குவோம். 600 விட்டத்தில் 5 மி.மீ. டெப்த், 0.4 ஃபீட், கட்டிங் ஸ்பீட் 150 மீட்டர். இஎன்24க்கு ஒரு சதுர மி.மீ.க்கு சுமார் 2,100 நியூட்டன் என்று வைத்தால் விசை 5 × 0.4 × 2100 = 4,200 நியூட்டன். ஆரம் 0.3 மீட்டர், அதனால் டார்க் 1,260 நியூட்டன் மீட்டர். ஸ்பிண்டில் ஓடுவது 80 ஆர்பிஎம். பவர் என்று பார்த்தால் வெறும் 10.5 கிலோவாட்தான்.

37 கிலோவாட் மோட்டாரின் பேஸ் ஸ்பீட் (முழு பவரும் கிடைக்கத் தொடங்கும் வேகம்) 400 ஆர்பிஎம் என்றால் அது தருவது 883 நியூட்டன் மீட்டர். அதற்குக் கீழே எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் டார்க் ஏறாது. மோட்டாரில் முக்கால்வாசி பவர் சும்மா கிடக்கும், ஸ்பிண்டிலோ நின்றுவிடும். கிராஃபில் தொடர் ரேட்டிங் கோட்டைப் பாருங்க. ப்ரோஷரில் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் 30 நிமிட ரேட்டிங்.

அடுத்தது அந்த 450 ஆழ போர். அந்த முனையில் டெயில்ஸ்டாக் (முனையை சென்டரால் தாங்குவது) நிற்க முடியாது, பேரிங் சீட்டில் ஸ்டெடி (ஜாப்பைச் சுற்றிப் பிடித்துத் தாங்குவது) போட்டே ஆகணும். ஸ்டெடி பிடிக்கும் விட்ட வரம்பில் 320 வருதா என்று பாருங்க. ஸ்டெடி மட்டும் தாங்கும் எடை வேறு, இரண்டு சென்டருக்கு நடுவே தாங்கும் எடை வேறு; இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்க. போரிங் பார் 100 விட்டம், 500 நீளம் என்றால் கெட்டி ஸ்டீலில் 30 கிலோவைத் தாண்டும். ஓவர்ஹேங் விட்டத்தைப் போல நாலரை மடங்கு, அதனால் அதிர்வு தணிக்கும் பார் வேணும். மேகசின் ஒரு டூலுக்கு எத்தனை கிலோ, எவ்வளவு நீளம் ஏற்கும், டூல் சேஞ்சர் கை எவ்வளவு சாய்வு மொமென்ட் தாங்கும் என்று கேளுங்க. சி6 மெஷின் பல இங்கேயே கழன்றுவிடும்.

பி_ஆக்சிஸ்:
டார்க் கணக்கு சரி. ஆனால் ரஃபிங்கை ஏன் இந்த மெஷினில் வைக்கணும்? ஃபோர்ஜிங்கை இருக்கிற லேத்தில் பக்கத்துக்கு 3 மி.மீ. விட்டு ரஃப் பண்ணி, ஸ்ட்ரெஸ் ரிலீவ் பண்ணி, பிறகு ஏற்றினால் ஜாப் நெளிவதும் குறையும், விலை உயர்ந்த மெஷினின் மணிநேரமும் மிச்சம். அப்புறம் உங்க 0.02ஐ முடிவு செய்வது பி அச்சும் (மில்லிங் ஹெட் சாயும் அச்சு) மில்லிங் ஸ்பிண்டில் லாக்கும்தான்.

டர்னிங் செய்யும்போது மில்லிங் ஸ்பிண்டில் சுற்றாமல் நிற்கணும். அதைப் பிடிப்பது பல் கப்ளிங்கா, வெறும் பிரேக்கா? இன்டரப்டட் கட்டின் (விட்டுவிட்டு வெட்டுவதன்) அடி நேராக ஸ்பிண்டில் பேரிங்கில் விழுந்தால் அது சீக்கிரம் போய்விடும். ஹெச்எஸ்கே எடுத்தால் சாதாரண ஏ வகையில் கீவே இடைவெளி அதிகம். டர்னிங்குக்கு டி (T) வகை கேளுங்க. கேப்டோவின் பாலிகன் வடிவத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரே டர்னிங் டூலை ஐந்து தடவை மாற்றி, இன்சர்ட் மூக்கில் டயல் வையுங்க, தெரிந்துவிடும்.

ட்ரையலில் நான் விடவே மாட்டேன் என்பது இது: சக்கில் துல்லியமான பந்து ஒன்றைப் பிடித்து, மில்லிங் ஸ்பிண்டிலில் டயலைக் கட்டி, ஹெட் சாய்ந்தாலும் டூல் முனையை அதே இடத்தில் வைக்கும் டூல் சென்டர் பாயின்ட் கன்ட்ரோலைப் போட்டு (ஃபானுக்கில் ஜி43.4, சீமென்ஸில் ட்ராவோரி) பி அச்சைச் சுழற்றுங்க. டயல் ஆடுவதுதான் பிவட் பிழை. காலையில் ஆறிய மெஷினில் ஒரு தடவை, ஸ்பிண்டிலை நாலு மணி நேரம் ஓட்டிய பிறகு இன்னொரு தடவை. இந்த அளவு மெஷினுக்கு 20 மைக்ரான் வரை ஒத்துக்கொள்ளலாம். 40ஐத் தாண்டினால் கையெழுத்துப் போடாதீங்க. பி அச்சில் 10 ஆர்க் செகண்ட் பிழை இருந்தாலே 500 மி.மீ. தூரத்தில் 0.024 விலகும், உங்க டாலரன்ஸ் அங்கேயே தீர்ந்தது.

இரண்டு கீவேயையும் ஒய் பூஜ்யத்திலேயே வைத்து, சி அச்சை (ஜாப் சுற்றும் அச்சு) 180 டிகிரி திருப்பி வெட்டச் சொல்லுங்க. ஒய் பூஜ்யம் தப்பாக இருந்தால் பிழை இரட்டிப்பாக வெளியே வரும். ஃபேசிங் முடிந்ததும் நடுவில் சின்ன மொட்டு நிற்கிறதா என்றும் பாருங்க. டர்னிங் டூலின் சென்டர் உயரத்தை அது காட்டிக்கொடுக்கும்.

ஜாப்வொர்க்_கோவை:
ரஃபிங்கைப் பிரிப்பது நல்ல யோசனை. அப்படியென்றால் 37 கிலோவாட்டே போதுமா? ஒரே செட்டிங்கில் முடியும் என்று சேல்ஸில் சொல்கிறார்கள்.

பி_ஆக்சிஸ்:
ஃபினிஷிங்குக்கு டார்க் போதும். டூல் எடை வரம்பில் போரிங் பார் அடங்கினால் மட்டும் முதல் மெஷினை யோசிங்க. ஒரே செட்டிங் என்பது சப்-ஸ்பிண்டில் (ஜாப்பின் மறுமுனையைப் பிடிக்கும் இரண்டாவது ஸ்பிண்டில்) இருந்தால்தான். உங்க ஜாப்பில் சக் பிடித்த இடம் மிச்சமாக நிற்கும். சாஃப்ட் ஜா (கடினப்படுத்தாத சக் தாடை) எடுத்து, மெஷினிலேயே போர் பண்ணி, திருப்பிப் பிடிக்கணும். நாலு செட்டிங் இரண்டாகும். போரையும் பேரிங் சீட்டையும் முதல் பிடியிலேயே முடித்துவிடுங்க. ஸ்டெடி நிற்கிற இடத்தில் அந்த நேரம் டூல் போகாது என்பதால், சீட்டை டெயில்ஸ்டாக்கில் ஃபினிஷ் பண்ணிவிட்டு, சக்கைத் தளர்த்தாமல் ஸ்டெடி ஏற்றி, போரைக் கடைசியாக எடுங்க.

போஸ்ட்_ப்ராசஸர்:
கேம் சாஃப்ட்வேரின் போஸ்டையும் (டூல் பாதையை மெஷினுக்கான கோடாக மாற்றுவது) மெஷின் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே சேருங்க. உங்க ஜாப் ஓடி, அளவு வந்த பிறகுதான் கடைசி 10 சதவீதம் என்று எழுதுங்க. சிமுலேஷனில் சக் ஜா, ஸ்டெடி, டெயில்ஸ்டாக் மூன்றுக்கும் மாடல் இருக்கணும். ஹெட் முட்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொன்று: ஐந்து அச்சு மெஷின் பெரும்பாலும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வரும், இறுதிப் பயனர் சான்று கேட்பார்கள். ஜப்பான் மெஷின் என்றால் நகர்த்தினால் லாக் ஆகும் சாதனம் பெரும்பாலும் இருக்கும். லாக் ஆனால் தயாரிப்பாளர் தரப்பு திறக்காமல் மெஷின் ஓடாது. ஷாப்பில் இடத்தை முடிவு பண்ணிவிட்டுத்தான் இறக்குங்க. இபிசிஜியில் (ஏற்றுமதி நிபந்தனையோடு மெஷின் இறக்குமதிக்கு வரிச் சலுகை தரும் அரசுத் திட்டம்) சுங்கவரி மிச்சம். ஆனால் மிச்சமான வரியின் 6 மடங்குக்கு 6 வருஷத்தில் ஏற்றுமதி காட்டணும், அந்த ஆர்டர் கையில் இருக்கா பாருங்க. ஜப்பான் மெஷின் பலவும் 200 வோல்ட்டில் ஓடுபவை, ட்ரான்ஸ்ஃபார்மர் யார் கணக்கு என்று கொட்டேஷனில் தேடுங்க.