மத விஷயத்தில் "மனம் புண்பட்டது" என்ற பேச்சை நேரில் சந்தித்தவர்கள் சொல்லுங்கள்

முதல் பதிவு

வேலை இடத்தில் நடந்தது. எங்கள் குழுவில் பல மதத்தவர் உண்டு, எதுவும் வேண்டாம் என்பவரும் உண்டு. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர், "எங்கள் கடவுளை ஏற்காதவர்களுக்கு மீட்பு கிடையாது" என்றார். திட்டவில்லை; அவருடைய வேதம் அப்படித்தான் போதிக்கிறது. எதிரே இருந்தவர் முகம் மாறி, "அப்படியென்றால் செத்துப்போன என் அம்மா நரகத்திலா?" என்று கேட்டுவிட்டார். நடுவில் புகுந்த மூன்றாமவர், கடவுளே மனிதன் கட்டிய கதை என்றார். உடனே முதலாமவர், "இது தெய்வ நிந்தனை, புகார் கொடுப்பேன்" என்று எழுந்தார்.

தன் பேச்சு அடுத்தவரைச் சுட்டது அவருக்கு உறைக்கவே இல்லை. புண்பட்டதுதான் அளவுகோல் என்றால் முதலில் வாய்மூட வேண்டியவர் மதத்தைப் போதிப்பவர். ஒரு மதத்தின் அடிப்படை இன்னொன்றுக்கு நிந்தனையாக இருப்பது புதிதா என்ன? (இதை மேலாளருக்கு விளக்க நான் பட்ட பாடு தனிக்கதை. புகார் நிற்கவில்லை.)

இந்த அளவுகோல் சட்டமானால் எங்கே போய் நிற்கும் என்பதற்குப் பாகிஸ்தானைப் பாருங்கள். அங்குள்ள அகமதியர்கள் என்ற சிறுபான்மைப் பிரிவினர் தங்களை முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டாலோ, தொழுமிடத்தை மசூதி என்று அழைத்தாலோ, 1984 அவசரச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை. அவர்கள் யாரையும் ஏச வேண்டியதில்லை, தங்கள் நம்பிக்கையைச் சொன்னாலே குற்றம். அங்கே ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண் மீதான தெய்வ நிந்தனை வழக்கு தொடங்கியதோ வயலில் தண்ணீர் குடித்ததையொட்டிய சண்டையில். 2010ல் மரண தண்டனை. உச்ச நீதிமன்றம் விடுவிக்க 2018 ஆனது.

மறுமொழி

நீங்கள் சொல்வது சரி, ஆனால் எங்களுக்கு நேர்ந்தது வேறு. விழா நாளில் வழிபாட்டிடத்து வாசலில் ஒரு கூட்டம் ஒலிபெருக்கி வைத்து, "இவர்களுக்கு வீடு கொடுக்காதே, அடித்து விரட்டு" என்று கத்தியது. குழந்தைகள் பயந்து உள்ளேயே ஒடுங்கிவிட்டார்கள். புகார் கொடுக்கப் போனால் அதிகாரி கேட்டார்: "உங்கள் கடவுளை ஏதாவது சொன்னார்களா?" இல்லை என்றோம். அப்புறம் என்ன என்பது போலப் பார்த்தார்.

கடவுளைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். எங்களை அல்லவா குறி வைத்தார்கள்! வெறுப்பைத் தூண்டும் பேச்சு பற்றி ஐ.நா. ஆதரவில் 2012ல் உருவான ரபாத் செயல்திட்டத்தை அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். பேச்சைக் குற்றமாக்கும் முன் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: சூழல், பேசுபவரின் செல்வாக்கு, நோக்கம், உள்ளடக்கம், எவ்வளவு பேரை எட்டியது, தீங்கு நேரும் வாய்ப்பு. கடவுளுக்கு அவமானமா என்ற கேள்வியே அதில் இல்லை. அந்த அதிகாரி கேட்டது அது ஒன்றைத்தான்.

இன்னொரு மறுமொழி

நான் கேலிச்சித்திரம் வரைபவன். சில உருவங்களை வரைய மாட்டேன். அது என் விருப்பம், யாரும் கட்டளையிடவில்லை. வரைகிற நண்பனைச் சிறையில் போடு என்று கேட்கவும் மாட்டேன். ஆனால் டென்மார்க் என்னைக் குழப்புகிறது. தெய்வ நிந்தனைச் சட்டத்தை 2017ல் நீக்கியது. குர்ஆன் எரிப்புகள் தொடர்ந்ததும் 2023 டிசம்பரில் புனித நூல்களைப் பொதுவில் அவமதிப்பதற்குத் தடை போட்டது. பூட்டிக் கிடக்கும் ஒரு தூதரகத்தின் முன் எரிப்பதும், தொழுகை முடிந்து குடும்பங்கள் வெளியே வரும்போது வாசலில் எரிப்பதும் எனக்கு ஒன்றாகப் படவில்லை. அந்தச் சட்டம் இரண்டையும் ஒரே கட்டில் கட்டுகிறது. ஒலிபெருக்கிக் கூட்டத்தைப் பார்த்தவர் நீங்கள். நீங்களே பிரித்துச் சொல்லுங்கள்.