மூணாறு குளிர், மாடி வீடு, டீசல் கார்: ராத்திரியில் இன்ஜினைச் சூடாக வைக்க வழி இருக்கிறதா?

தேயிலைச்சரிவு:

எல்லோருக்கும் வணக்கம். மூணாறு டவுனை ஒட்டி ஒரு ஃபிளாட்டில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கார் கீழே திறந்தவெளியில்தான் நிற்கிறது. ஷெட் கிடையாது, பக்கத்தில் பிளக் பாயின்டும் கிடையாது. 2014 மாடல், 1.3 லிட்டர் டீசல், 1,30,000 கிலோமீட்டர் ஓடியது, போன மார்ச்சில் தேனியில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன்.

செவ்வாயும் வெள்ளியும் அம்மாவுக்குத் தேனியில் டயாலிசிஸ். எட்டரை மணிக்கு எங்கள் முறை, தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும் என்பதால் விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பியாக வேண்டும். டிசம்பர் பாதி வரை ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிற உறைபனி நாட்களில் நாலு தடவை, ஐந்து தடவை செல்ஃப் அடித்தால்தான் உயிர் வருகிறது, வந்ததும் வண்டி முழுக்க நடுங்குகிறது, புகையோ புகை. போன வெள்ளிக்கிழமை ஸ்டார்ட்டே ஆகாமல், அம்மாவை வாடகை ஜீப்பில் கூட்டிப் போனேன். வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது, ஏனென்றால் சின்னக்கானல் பக்கம் அந்த நேரத்தில் யானை நிற்கும்.

அதனால் கொஞ்ச நாளாக நாலரைக்கே இறங்கி ஸ்டார்ட் செய்து இருபது நிமிடம் ஐடிலில் விட்டுவிடுகிறேன். இதில்தான் பிரச்சினை. கீழ் வீட்டுச் சேச்சியின் மாமனாருக்கு இழுப்பு உண்டு, புகை நேராக அவர் படுக்கும் அறை ஜன்னலுக்குப் போகிறது. சேச்சி சண்டைக்கு வரவில்லை, 'அப்பச்சன் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார்' என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டபிறகு எனக்கு மனசே சரியில்லை. அசோசியேஷனிலும் இனி ஐடிலில் விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பானெட்டுக்குக் கம்பளி போர்த்து என்கிறார் ஒருவர், இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் சம்ப்புக்கு அடியில் கரி அடுப்பு வை என்கிறார் இன்னொருவர், டாங்கில் இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் கலக்கு என்கிறார் மற்றொருவர். கனடாவில் இருக்கும் சித்தப்பா மகன் அடுத்த மாதம் வரும்போது கரண்டில் இன்ஜினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் ஒன்று வாங்கி வருகிறேன் என்கிறான். மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இறக்கி அதை ஓட்டலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போடி ஸ்பேனர்:

நான் போடியில் பட்டறை வைத்திருக்கிறேன் தம்பி. சூடாக வைக்கிற பேச்சை அப்புறம் பார்ப்போம். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் வழக்கம் போல வேகமாகச் சுற்றுகிறதா, இல்லை இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? புகை வெள்ளையா கறுப்பா? ஸ்டார்ட் ஆனபிறகு எவ்வளவு நேரத்தில் நடுக்கம் நிற்கிறது? பேட்டரி எத்தனை வருடம் என்பதையும் சொல்லுங்கள்.

தேயிலைச்சரிவு:

அண்ணே, முதல் இரண்டு தடவை ஓரளவு வேகமாகத்தான் சுற்றுகிறது, அதற்குப்பின் தொய்ந்துவிடுகிறது. புகை வெள்ளை, கண்ணெல்லாம் எரிகிற மாதிரி பச்சை டீசல் வாசனை. நடுக்கம் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் நின்றுவிடும், அதற்குப்பின் போடிமெட்டு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பேட்டரியில் ஒட்டியிருக்கும் தேதியைப் பார்த்தால் நாலு வருடம் தாண்டிவிட்டது. மீட்டரில் அந்தச் சுருள் கம்பி விளக்கு இரண்டு செகண்டில் அணைந்துவிடுகிறது, அதனால் ஹீட்டர் பிளக் நன்றாக இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

போடி ஸ்பேனர்:

அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பல வண்டிகளில் அந்த விளக்கு குளிருக்குத் தகுந்த நேரம் எரிந்து அணைவதோடு சரி, பிளக் நிஜமாகச் சூடானதா என்று அது பார்க்காது. நாலும் செத்திருந்தாலும் அது பாட்டுக்கு எரிந்து அணையும்.

டீசலில் ஸ்பார்க் கிடையாது. பிஸ்டன் காற்றை அமுக்குகிற அமுக்கில் பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறான். உங்கள் வண்டி தேனியில் ஓடிய வண்டி, அங்கே இருபத்தைந்து முப்பது டிகிரியில் டீசலை அதிக அழுத்தத்தில் பீய்ச்சுகிற இந்தக் காமன் ரெயில் இன்ஜினுக்கு ஹீட்டர் பிளக் உதவியே வேண்டியதில்லை, நாலும் போயிருந்தால்கூட பழைய ஓனருக்குத் தெரிந்திருக்காது. உங்களுக்கும் டிசம்பர் வரை தெரியவில்லை. வெள்ளைப் புகை என்பது எரியாமல் ஆவியாக வெளியே வரும் டீசல். உங்கள் அப்பச்சனுக்கு இழுப்பைக் கிளப்புவதும் அதுதான்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே பார்க்கலாம். பிளக்குகளுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக் முனைக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே ஓம்ஸ் பாருங்கள். ஒரு ஓம் அக்கம்பக்கத்தில் காட்டினால் உயிர் இருக்கிறது, ஒன்றுமே காட்டாமல் ஓப்பனாக இருந்தால் செத்துவிட்டது. மீட்டர் இல்லையென்றால் ஒரு டெஸ்ட் பல்பை பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பிளக் முனைக்குத் தொட்டால் போதும், எரிந்தால் பிளக் சரி. நாலும் சரி என்றால் பிளக்குகளுக்குக் கரண்ட் அனுப்பும் ரிலேவைப் பார்க்க வேண்டும்.

கழற்றுவதை மட்டும் நீங்களே செய்யாதீர்கள், கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். பத்து வருடமாகக் கரி பிடித்து இறுகியிருக்கும், சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட் குளிர்ந்திருக்கும்போது பலமாகத் திருகினால் முனை உள்ளேயே உடைந்துவிடும், அதற்கப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டிய செலவு. முந்தின நாளே துரு இளக்குகிற ஆயில் அடித்து ஊறவைத்து, இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது கொஞ்சம் முன்னே கொஞ்சம் பின்னே என்று பொறுமையாகத்தான் எடுக்க வேண்டும்.

பேட்டரியும் சேர்ந்து படுத்துகிறது. ராத்திரி நின்ற வண்டியில் காலையில் கதவைத் திறக்கும் முன் 12.6 வோல்ட் இருந்தால் ஃபுல், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது ஒன்பதரைக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். குளிரில் நல்ல பேட்டரிக்கே பலம் குறையும், அதே நேரம் ஆயில் கெட்டியாகி இன்ஜின் அதிக பலம் கேட்கும். சுற்று மெதுவானால் அமுக்கிய காற்றின் சூடும் கசிந்துபோகும். ஒன்றை ஒன்று கெடுக்கும்.

நாளைக் காலைக்கு ஒரு கைவைத்தியம்: சாவியைத் திருப்பி விளக்கு அணையும் வரை நில்லுங்கள், இன்னும் ஐந்து எண்ணுங்கள், சாவியை ஆஃப் செய்து மறுபடி திருப்பி அதையே இன்னொரு முறை செய்யுங்கள், அப்புறம் கிளட்ச்சை முழுக்க மிதித்து, ஹெட்லைட்டும் புளோயரும் ஆஃபில் வைத்து செல்ஃப் அடியுங்கள். ஒரு பிளக்கில் உயிர் இருந்தாலும் வித்தியாசம் தெரியும்.

தேவிகுளம் பழைய ஜீப்:

ஸ்பேனர் தம்பி சொன்னதற்கு மேல் இன்ஜின் விஷயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நாற்பது வருடம் இந்த மலையில் ஜீப் ஓட்டியவன் என்பதால் மற்றதைச் சொல்கிறேன்.

கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்தில் லாரிக்காரர்கள் செய்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆனால் அவை இரும்புக் குழாய் ஓடிய வண்டிகள். இன்றைய காரில் அடியில் பிளாஸ்டிக் கவர், ரப்பர் ஹோஸ், வயரிங், எல்லாம் பற்றிக்கொள்ளும், அதுவும் மூன்று மாடி வீட்டுக்குக் கீழே. மண்ணெண்ணெயும் அப்படித்தான். உங்கள் வண்டியின் ஹை பிரஷர் பம்புக்கு டீசலின் வழுவழுப்புதான் மசகு, மண்ணெண்ணெயில் அது குறைவு, பம்ப் தேய்ந்து அந்த இரும்புத் தூள் இன்ஜெக்டருக்குப் போனால் வண்டி விலையில் பாதி செலவாகும்.

டீசல் உறைகிறதோ என்ற சந்தேகம் இருந்தால் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் உங்கள் டீசலைக் கொஞ்சம் எடுத்து ராத்திரி காருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். தெளிவாக இருந்தால் கவலை இல்லை. மேகம் மாதிரி கலங்கியிருந்தால் மெழுகு பிரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்படி இருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிக் கொஞ்ச தூரம் ஓடியபின் ஃபில்டர் அடைத்து இழுவை குறைந்து நிற்கும். உங்களுடையது ஸ்டார்ட் ஆனால் போதும், போடிமெட்டு வரை சரியாக ஓடுகிறதே, அதனால் அது காரணமில்லை. டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை மட்டும் வடித்துவிடுங்கள், டாங்கைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள், காலி இடத்தில்தான் ஈரம் வேர்க்கும்.

நிறுத்துகிற இடம் முக்கியம். உறைபனி விழுவது மேகமும் காற்றும் இல்லாத ராத்திரிகளில், திறந்த வானத்துக்கு நேர் கீழே, பள்ளத்துப் புல்வெளியில். அதே ராத்திரி மரத்தடியிலும் சுவர் ஓரத்திலும் விழாது, எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு இது சின்ன வயதிலேயே தெரியும். அதனால் காம்பவுண்டில் பள்ளமான மூலையை விட்டுவிட்டுக் கட்டிடத்தை ஒட்டியோ மரத்தடியிலோ இடம் கேளுங்கள். முன் கண்ணாடிக்கு மேல் ஒரு தார்ப்பாய்த் துண்டை வைப்பருக்குக் கீழே சொருகிவிட்டால் காலையில் சுரண்ட வேண்டாம். கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றுவதைப் பார்க்கிறேன், விரிசல் விட்டுவிடும், செய்யாதீர்கள்.

கம்பளியால் பயன் இல்லை. சாயங்காலம் நிறுத்திய இன்ஜின் விடியற்காலைக்குள் எப்படியும் வெளிக்குளிருக்கே வந்துவிடும், எடுக்க மறந்து ஓட்டினால் நெருப்பு. பூனை பானெட்டுக்குள் போய்ப் படுக்கும், அதனால் ஸ்டார்ட் செய்யும் முன் இரண்டு தட்டு தட்டுங்கள்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீரா? தேனி வண்டிகளில் அது சகஜம். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 37 வரைக்கும் உறையாது, துருவும் பிடிக்காது. இந்த வாரமே பாருங்கள்.

குண்டளைப் பையன்:

நான் பிறந்தது குண்டளை எஸ்டேட் லயத்தில், இப்போது இருப்பது கனடாவில் வின்னிபெக், இங்கேயும் அபார்ட்மென்ட்தான். பிளாக் ஹீட்டர் பற்றி நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், இங்கே விற்பது 120 வோல்ட்டுக்கு. அதை நம் ஊர் 230-ல் சொருகினால் வாட்ஸ் கிட்டத்தட்ட மூன்றரை மடங்குக்கு மேல் போகும், 400 வாட்ஸ் ஹீட்டர் 1,450-ஐத் தாண்டும். எரிந்துபோகும், அல்லது எரித்துவிடும். தயவுசெய்து உங்கள் சித்தப்பா மகனிடம் வாங்கி வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது, மைனஸ் பதினைந்துக்குக் கீழே போகும்போதுதான் நாங்களே அதைத் தேடுவோம், மைனஸ் முப்பதில் அது இல்லாமல் முடியாது. மூணாறில் பூஜ்யத்தை ஒட்டி ஒன்றிரண்டு டிகிரி மேலே கீழே, அந்தக் குளிருக்கு உயிருள்ள ஹீட்டர் பிளக்கும் நல்ல பேட்டரியும் இருந்தால் டீசல் ஒரே செல்ஃபில் எழ வேண்டும்.

மூன்றாவது மாடியிலிருந்து வயர் இறக்குவது மிக ஆபத்து. பனி ஈரம், நடைபாதை, குழந்தைகள். இங்கே பல அபார்ட்மென்ட்களில் ஒவ்வொரு பார்க்கிங்குக்கும் கம்பத்தில் பிளக் வைத்திருப்பார்கள், அப்படி உங்கள் அசோசியேஷன் என்றாவது பொதுப் பாயின்ட் வைத்தால் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் பிரேக்கரும் மழை புகாத பெட்டியும் கட்டாயம் கேளுங்கள். அப்போதும் ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓட வேண்டாம், கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு டைமர் போட்டால் போதும்.

பிளக்கே இல்லாத இடத்தில் இருப்பவர்கள் டீசலிலேயே எரிகிற சின்ன பார்க்கிங் ஹீட்டர் பொருத்துவார்கள், வெபாஸ்டோ என்று பெயர் கேள்விப்பட்டிருக்கலாம், இன்ஜினை ஓட்டாமல் கூலன்ட்டைச் சூடாக்கும். விலையைப் பார்த்தால் உங்களுக்கு அது தேவையே இல்லை. லடாக்கில் இருப்பவர்களுக்கு வேண்டுமானால் சொல்லலாம், அங்கே டீசலே வேறு, மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் அங்கே கொண்டுவந்தது.

ஐடிலில் விடுவதைப் பற்றி ஒன்று. டீசல் இன்ஜின் சும்மா நின்று ஓடினால் சூடே ஏறாது, எரிப்பது அவ்வளவு கொஞ்சம். இருபது நிமிடம் நிற்பதைவிட அரை நிமிடம் நின்றுவிட்டு முதல் ஐந்து கிலோமீட்டர் இரண்டாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் போகாமல் மெதுவாக ஓட்டினால் சீக்கிரம் சூடாகும். இதைப் படிக்கிற யாராவது 2020-க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 டீசல் வைத்திருந்தால் இன்னும் கவனம், இப்படித் தினமும் ஐடிலில் விட்டால் சைலன்சர் வழியில் இருக்கும் கரி வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

தேயிலைச்சரிவு:

எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தம்பியின் மல்டிமீட்டரில் பார்த்தேன், நாலில் மூன்று ஓப்பன். பேட்டரி காலையில் 12.1. செவ்வாய்க்கிழமை அந்தக் கைவைத்தியத்திலேயே இரண்டாவது செல்ஃபில் எழுந்தது. அம்மாவை டயாலிசிஸில் விட்டுவிட்டு, இன்ஜின் சூடு ஆறும் முன் தேனியில் ஒரு பட்டறையில் கொடுத்தேன், முந்தின ராத்திரியே ஆயில் அடித்து வைத்திருந்தேன். மூன்று பிளக் சுலபமாக வந்தன. நாலாவது அசையவில்லை, அந்த மெக்கானிக் 'இதைப் பலவந்தம் பண்ண மாட்டேன்' என்று நிறுத்திவிட்டார், நல்லவேளை உயிரோடு இருந்த பிளக்கும் அதுதான். புது பேட்டரி போட்டாகிவிட்டது. ரேடியேட்டரில் ஜீப் தாத்தா சொன்னபடி வெறும் தண்ணீர்தான், காப்பி நிறத்தில் வந்தது, கழுவிக் கூலன்ட் ஊற்றியிருக்கிறது.

நேற்று வெள்ளிக்கிழமை புல் வெள்ளையாக இருந்தது, சுவர் ஓரம் நிறுத்தியிருந்ததால் கண்ணாடியில் மட்டும் லேசாகப் பனி. ஐந்து மணிக்கு இறங்கினேன், ஒரே செல்ஃப், புகை இல்லை, அம்மா ஏறி உட்கார்ந்து சால்வையைச் சரிசெய்கிற நேரத்தில் கேட் தாண்டிவிட்டோம். வண்டி எடுத்த சத்தமே கேட்கவில்லை என்று சாயங்காலம் சேச்சி சொன்னார்.

ஸ்பேனர் அண்ணே, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்த நாலாவது பிளக்கை இப்படியே விட்டுவிடலாமா, இல்லை அது போகும் முன் எடுத்துவிட வேண்டுமா?

போடி ஸ்பேனர்:

விட்டுவிடுங்கள் தம்பி. வேலை செய்கிற பிளக்கை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும். வாரம் ஒரு முறை ஓட்டி வந்த சூட்டில் அதன் அடியில் துரு இளக்குகிற ஆயில் நாலு சொட்டு விட்டு வாருங்கள், அடுத்த நவம்பரில் மழை விட்டதும் கீழே வாருங்கள், பார்ப்போம். இன்ஜின் ஆயில் அடுத்து மாற்றும்போது கேன் எண்ணையும் பாருங்கள், 15டபிள்யூ40 ஊற்றியிருந்தால், மேனுவலில் அனுமதி இருக்கிற பட்சத்தில், குளிரில் அதைவிட இளக்கமாக இருக்கும் 5டபிள்யூ30-க்கு மாற்றிக்கொள்ளுங்கள், காலைச் சுற்று இன்னும் லேசாகும். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.